கையில் சுழலும் பொம்மையும் காதில் ஏறும் எரிச்சலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017ஆம் ஆண்டின் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில், பல நாடுகளில் ஒரே சமயத்தில், ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்ற சிறு பொருள் வகுப்பறை, அலுவலகம், ரயில் பெட்டி என்று எங்கும் கைகளில் சுழலத் தொடங்கியது. அது பரவிய அதே வேகத்தில் அதன் மீதான எரிச்சலும் பரவியது. பள்ளிகள் தடை விதித்தன, ஆசிரியர்கள் பறிமுதல் செய்தார்கள், பெரியவர்கள் பத்திரிகைகளுக்கு எழுதித் தீர்த்தார்கள். இத்தகைய மோகம் ஒவ்வொன்றின்போதும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஸ்பின்னரே இதில் முதன்மையான எடுத்துக்காட்டு என்றாலும், அதன் முன்னோர்களும் பின்வந்தவையும் தேவையான இடங்களில் வந்து போகும்.

ஸ்பின்னர் என்பது உண்மையில் என்ன? அதில் அப்படி என்ன இருக்கிறது?

இதை எழுதும் மேசையின் மீது ஒன்று கிடக்கிறது. நடுவில் ஒரு பால் பேரிங், அதைச் சுற்றி மூன்று பிளாஸ்டிக் இதழ்கள், ஒவ்வோர் இதழின் முனையிலும் ஓர் எடை, அவ்வளவுதான். நடுவிலுள்ள பேரிங் பெரும்பாலும் 608 என்ற அளவைச் சேர்ந்தது. உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், தடிமன் 7 மில்லிமீட்டர் கொண்ட இந்தப் பேரிங் சக்கரக் காலணிகளிலும் ஸ்கேட்போர்டுகளிலும் நெடுங்காலமாகப் புழங்கி வருவது.

கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, ஓர் இதழை இன்னொரு விரலால் சுண்டினால், மூன்று இதழ்களும் கலங்கி ஒரே வட்டத் தட்டாகத் தெரியும். எடை மையத்தில் இல்லாமல் விளிம்பில் இருப்பதால், ஒருமுறை பெற்ற சுழற்சியை அது எளிதில் விட்டுவிடுவதில்லை. உராய்வு மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும் வரை ஓரிரு நிமிடங்கள் சுற்றும். சுற்றும்போது கையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால், அது சாய மறுத்து விரலைப் பக்கவாட்டில் இழுப்பதை உணரலாம். விண்கலங்களில் திசை காக்கும் சுழல்கருவிகள் எந்த விதிக்குக் கட்டுப்படுகின்றனவோ அதே விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது. இந்த மெல்லிய எதிர்ப்புதான் ஒருவரை மீண்டும் மீண்டும் சுண்ட வைக்கிறது என்பது எனது கணிப்பு. வெறுமனே சுற்றுவதைப் பார்ப்பது மட்டும் என்றால் பத்தாவது முறையிலேயே அலுத்துப் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

2017இல் செய்தித்தாள்கள் பலவும் ஒரு நெகிழ்ச்சியான கதையை வெளியிட்டன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கேத்தரின் ஹெட்டிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்றும், 2005இல் 400 டாலர் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த முடியாமல் காப்புரிமையை இழந்தார் என்றும், அதனால் பெருஞ்செல்வம் கைநழுவியது என்றும் அக்கதை சொன்னது. கட்டணம் கட்ட முடியாமல் காப்புரிமை காலாவதியானது உண்மை, மற்றது உண்மையல்ல. 1997இல் அவருக்கு வழங்கப்பட்ட காப்புரிமை, விரல் நுனியில் வைத்துச் சுழற்றும் கவிந்த தட்டு போன்ற ஒரு பொம்மைக்கானது. அதில் பேரிங் கிடையாது, இதழ்கள் கிடையாது. அந்தக் காப்புரிமை உயிரோடு இருந்திருந்தாலும் இன்றைய ஸ்பின்னரை அது கட்டுப்படுத்தியிருக்குமா என்பது பெரும் ஐயமே.

இன்றைய வடிவத்துக்கு மிக நெருக்கமான முன்னோடி, ஸ்காட் மெக்கோஸ்கரி என்பவர் 2014 வாக்கில் உலோகத்தில் செய்த, இரண்டு முனைகள் கொண்ட ‘டார்க்பார்’. தகவல் தொழில்நுட்பப் பணியில் இருந்த அவர், நீண்ட கூட்டங்களிலும் தொலைபேசிக் கலந்துரையாடல்களிலும் கை சும்மா இராமல் தவித்ததற்குத் தீர்வாகத் தமக்கென்று அதைச் செய்துகொண்டார். இந்தத் தகவல் பலருக்கும் தெரியாது. பிள்ளைகளின் தொல்லை என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்ட பொருள், பெரியவர் ஒருவர் அலுவலகக் கூட்டத்தின் சலிப்பைத் தாங்க முடியாமல் செய்துகொண்டது.

இவ்வளவு சிறிய பொருள் ஏன் இவ்வளவு எரிச்சலைத் தருகிறது?

ஒரு ஸ்பின்னரின் ஒலி மிகவும் சன்னமானது. ஒரு மின்விசிறியின் இரைச்சலில் பாதிகூட இராது. ஆகவே ஒலியின் அளவைக் கொண்டு இந்த எரிச்சலை விளக்க முடியாது.

ஒரே சீராக ஒலிக்கும் சத்தத்துக்கு மூளை விரைவில் பழகிவிடுகிறது. விட்டுவிட்டு, மாறி மாறி வரும் சத்தத்துக்கு அது பழகுவதில்லை. நினைவாற்றல் ஆய்வுகளில் இது நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை: ஒன்றன்பின் ஒன்றாக விவரங்களை மனத்தில் நிறுத்த முயல்கிறவர்களை, மாறாத ஒலியைவிட மாறிக்கொண்டே இருக்கும் ஒலி அதிகம் குலைக்கிறது. ஸ்பின்னரின் ஒலியோ சுண்டும்போது உயர்ந்து, மெல்லத் தேய்ந்து, நின்று, மறுபடியும் சுண்டப்படும். அது எப்போது நிற்கும் என்று காது காத்திருக்கிறது. நின்ற பிறகு, எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறது. இதற்கு நடுவில் அது ஒருமுறை கைநழுவி மேசையில் விழுந்தால், மரத்தின் மீது உலோகம் எழுப்பும் அந்தச் சடசடப்பில் முப்பது தலைகளும் ஒருசேரத் திரும்பும்; ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்துபோகும்.

கண்ணின் பங்கு இதைவிடப் பெரியது. நேராகப் பார்க்காத பொருள்களின் அசைவை உணர்ந்து எச்சரிப்பதில் கண்ணின் ஓரப்பார்வை தேர்ந்தது. அதை நாமாக நிறுத்தி வைக்க முடியாது. பக்கத்து இருக்கையில் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தால், பார்க்கக் கூடாது என்று உறுதி பூண்டவரின் கவனமும் அங்கே இழுபடும். மற்றவர்களின் சிறு அசைவுகளைக் காண்பதால் மட்டுமே சிலருக்கு எழும் கடும் எரிச்சலுக்கு ‘மிஸோகினீசியா’ என்று பெயர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுமீத் ஜஸ்வால் முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற 4,100க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஓர் அளவில் இந்த உணர்வு தங்களுக்கு உண்டு என்று தெரிவித்தார்கள். கால் ஆட்டுவது, பேனாவைத் தட்டுவது போன்றவற்றைப் பற்றிய ஆய்வு அது. எனினும் அங்கே சொல்லப்பட்டதெல்லாம் ஸ்பின்னருக்கும் அச்சாகப் பொருந்தும். எனவே ஸ்பின்னரைக் கண்டு முகம் சுளித்தவர்களைச் சிடுமூஞ்சிகள் என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. சுழற்றுகிறவருக்கு அந்த அசைவின் தொடக்கமும் முடிவும் அவர் கையில் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டுமே இல்லை. ஒரே ஒலி ஒருவருக்கு ஆறுதலாகவும் மற்றவருக்குத் தொல்லையாகவும் ஆவதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

இத்தகைய எரிச்சல் புதிதாக வந்ததா?

இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் பிள்ளைகள்தாம் முதன்முதலில் கெட்டுப்போனார்கள் என்று நம்புகிறது. பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தின் அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் 1817இல், வண்ணக் கோலங்களைக் காட்டும் குழலான கலைடாஸ்கோப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவரே எழுதியபடி, மூன்றே மாதங்களில் லண்டனிலும் பாரிசிலும் இரண்டு லட்சம் கலைடாஸ்கோப்புகள் விற்றன. அவற்றில் பெரும்பாலானவை பிறர் செய்த நகல்கள். புரூஸ்டருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தேறவில்லை. காப்புரிமை இருந்தும் அதன் பாதுகாப்பு பலிக்காமல், யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்ற நிலையில் ஒரு கைப்பொம்மை காட்டுத்தீயாகப் பரவியதற்கு ஸ்பின்னருக்கு இருநூறு ஆண்டுகள் முந்தைய சான்று இது.

1880இல் மோகமாகப் பரவியது பதினைந்து கட்டைப் புதிர். நான்குக்கு நான்கு பெட்டியில் ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணிட்ட கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் அஞ்சலக அதிகாரி நோயிஸ் சாப்மன் உருவாக்கிய இது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில மாதங்கள் ஆட்டிப்படைத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 14, 15 ஆகிய கட்டைகள் மட்டும் இடம் மாறியிருக்கும் நிலையிலிருந்து விடை காணவே முடியாது. கணிதவியலாளர்கள் ஜான்சனும் ஸ்டோரியும் 1879இலேயே இதை நிறுவிவிட்டார்கள். ஆனாலும் விடையற்ற அந்தப் புதிரோடுதான் மக்கள் இரவு பகலாக மல்லுக்கட்டினார்கள்.

யோ-யோவின் கதை இன்னும் விசித்திரமானது. பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய பெட்ரோ ஃபுளோரஸ் 1928இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோ-யோ தயாரிக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது உலகைச் சுற்றி வந்தது. 1933இல் சிரியாவில் மழை பொய்த்தபோது, கயிற்றில் கீழிறங்கி மேலேறும் அந்தப் பொம்மைதான் மழையைத் தடுக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, யோ-யோ தடை செய்யப்பட்டதாக அவ்வாண்டுப் பத்திரிகைகள் எழுதின. வானம் பார்த்துச் சலித்த மனிதர்களுக்குக் கோபத்தைக் கொட்ட ஏதோ ஒன்று தேவைப்பட்டது. யோ-யோ கைக்கு எட்டியது.

ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1996 நவம்பரில் வெளியிட்ட தமகோட்சியோ தொல்லையை வேறோர் உயரத்துக்குக் கொண்டுபோனது. முட்டை வடிவச் சிறு கருவியின் திரையில் வாழும் அந்தச் செல்லப்பிராணி, பசித்தால் கூவும். தொடக்க கால வகைகளில் அதைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் வழியும் இல்லாததால், சில மணி நேரம் கவனிக்காவிட்டால் இறந்துபோகும். பள்ளிக்கு எடுத்துப் போனால் ஆசிரியருக்கு எரிச்சல், வீட்டில் விட்டுப் போனால் பிராணி சாவு என்ற இக்கட்டில் எத்தனையோ பெற்றோர் பகல் முழுவதும் அதற்குத் தீனி போட்டார்கள். 1997ஆம் ஆண்டின் பொருளாதாரத்துக்கான இக் நோபல் என்னும் கேலிப் பரிசு, லட்சக்கணக்கான மனித உழைப்பு மணிகளை மெய்நிகர் பிராணி வளர்ப்புக்குத் திருப்பிவிட்டதற்காக, அதை உருவாக்கிய அகிஹிரோ யோகோய், அகி மைதா இருவருக்கும் வழங்கப்பட்டது. பொதுமக்களின் எரிச்சலுக்கு இதைவிட நாகரிகமான வெளிப்பாட்டை நான் கண்டதில்லை.

ஸ்பின்னரைவிட மோசமான பொம்மை எதுவும் இருந்ததா?

சத்தத்தை மட்டும் பார்த்தால், கிளாக்கருக்கு நிகர் அதுவே. ஒரு கயிற்றின் இரு முனைகளிலும் கடினமான பிளாஸ்டிக் பந்துகள். கயிற்றின் நடுவைப் பிடித்துக் கையை மேலும் கீழும் ஆட்டினால், பந்துகள் கீழே ஒருமுறையும் மேலே ஒருமுறையும் மோதி ‘டக், டக், டக்’ என்று அடிக்கும். கைப்பழக்கம் கூடக்கூட அடியின் வேகமும் கூடும். தெருமுனையில் ஒரு பிள்ளை பழகத் தொடங்கினால் அத்தெரு முழுவதற்கும் அது கேட்கும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பரவியபோது, தொல்லையைத் தாண்டிய அபாயம் வெளிப்பட்டது. அக்ரிலிக் பந்துகள் ஓயாத மோதலில் விரிசல் கண்டு, சில சமயம் சில்லுகளாகத் தெறித்தன. கண் இருக்கும் உயரத்தில் தெறிக்கும் சில்லு விளையாட்டல்ல. அமெரிக்க அரசு 1971இல் இதற்குப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. 1976இல் விஸ்கான்சின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றில், கைப்பற்றப்பட்ட பொருளே எதிர்த்தரப்பு என்ற சட்டமரபின்படி, ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ ஒரு பக்கமும், ‘தலா ஒரு ஜோடி கிளாக்கர் பந்துகள் அடங்கிய ஏறத்தாழ 50,000 அட்டைப் பெட்டிகள்’ மறுபக்கமும் நின்றன. சட்டக் கல்லூரிகளில் இன்றும் சிரிப்பை வரவழைக்கும் வழக்குப் பெயர்களில் இதுவும் ஒன்று.

அத்தோடு அது ஒழியவில்லை. 2022இன் இறுதியில் இந்தோனேசியாவில் ‘லாதோ-லாதோ’ என்ற பெயரில் அதே பொம்மை மீண்டும் எழுந்தது. அதிபர் ஜோக்கோ விடோடோவே பொதுவெளியில் அதை ஆடிப் பார்த்தார். அதையடுத்த வாரங்களில் சில மாவட்டங்களின் கல்வித் துறைகள், பள்ளிக்கு அதைக் கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தன.

ஸ்பின்னர் கவனத்தைக் கூட்டும் என்று உறையில் அச்சிட்டிருந்தார்களே, அது உண்மையா?

இந்த மோகத்தில் உண்மையாகவே கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று கருதுகிறேன். ஒரு பொம்மையைப் பொம்மை என்று விற்றால் அதில் குற்றமில்லை. பதற்றம் தணியும், கவனம் குவியும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளுக்கு உதவும் என்றெல்லாம் எழுதி, மருந்தின் வேடத்தில் அது விற்கப்பட்டது. அந்த வேடத்தை நம்பி வாங்கியவர்களில் பெரும்பாலோர், தம் பிள்ளைக்கு ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று ஏங்கிய பெற்றோர்.

2017இல் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளியான மீளாய்வு, அந்த உரிமைகோரல்களுக்கு ஆய்வாதாரம் எதுவும் இல்லை என்று எழுதியது. அடுத்து வந்த ஆய்வுகள் ஒரு படி மேலே போயின. 2018இல் கிராசியானோ குழுவினர், ஏ.டி.எச்.டி. உள்ள இளம் பிள்ளைகளை வகுப்பறைச் சூழலில் வைத்துப் பார்த்தபோது, ஸ்பின்னர் கையில் இருந்தால் அவர்களின் கவனம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. 2019இல் சோரெஸ், ஸ்டார்ம் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குக் காணொளி விரிவுரைகளைக் காட்டி நினைவைச் சோதித்தார்கள். ஸ்பின்னர் சுழற்றிக்கொண்டே பார்த்தவர்களுக்கு விரிவுரை குறைவாகவே நினைவில் நின்றது. ஸ்பின்னரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்களுக்கும் இதே கதிதான்.

காரணம் எளிது. ஸ்பின்னரைச் சுண்டிய பிறகு, கண் அதன் மீதே போய் நிற்கிறது. கை எதையோ செய்ய, கண்ணும் காதும் பாடத்தில் இருந்தால்தான் அந்த அசைவால் பயன் உண்டு. சுழன்று மின்னும் ஒன்று கண்ணையே பறித்துக்கொண்டால், பாடத்துக்கு மிஞ்சுவது காது மட்டும்.

அப்படியானால் கையை அசைத்துக்கொண்டிருப்பதே வீண் என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் வெளியிட்ட சிறு ஆய்வில், அலுப்பூட்டும் தொலைபேசிப் பதிவைக் கேட்டவர்களில், காகிதத்தில் அச்சிட்ட வடிவங்களைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டே கேட்டவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் கடினமான மனப்பணியின்போது உடலை அதிகம் அசைக்கையில் சிறப்பாகச் செய்கிறார்கள் என்று 2015இல் வெளியான ஆய்வுகளும் உண்டு. அங்கே பேசப்படுவது உடலிலிருந்து இயல்பாக எழும் அசைவு. ஸ்பின்னரை விற்றவர்கள் இந்த உண்மையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மீதியை வசதியாக மறந்தார்கள்.

உண்மையிலேயே இத்தகைய கருவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு இந்த எரிச்சலால் பாதிப்பு உண்டா?

உண்டு, அதுவும் பேசப்படாமலே போன பாதிப்பு. மோகம் வருவதற்கு வெகு முன்பிருந்தே, தொழில்சார் சிகிச்சையாளர்கள் சில பிள்ளைகளுக்குப் பிசைவதற்கான பந்து, சொரசொரப்பான துணித்துண்டு, நாற்காலிக் காலில் கட்டிய மீள்பட்டை போன்றவற்றைக் கொடுத்து வந்தார்கள். அவை சத்தமில்லாதவை, கண்ணை ஈர்க்காதவை, மேசைக்கடியில் மறைந்திருப்பவை. அவற்றைப் பார்த்து எவரும் எரிச்சலடைந்ததில்லை, ஏனெனில் எவரும் அவற்றைப் பார்த்ததே இல்லை. ஸ்பின்னர் வெறுப்பு உச்சத்துக்குப் போன வாரங்களில், ‘கையில் வைத்து அசைக்கும் எதுவும் கூடாது’ என்று விதி எழுதிய இடங்களில், நேற்றுவரை அமைதியாகப் பயனடைந்த பிள்ளையின் கையிலிருந்த பந்தும் சேர்ந்தே பிடுங்கப்பட்டது.

பள்ளிகள் தடை விதித்தது சரியா?

வகுப்பு நேரத்தில் தடை செய்தது சரி. அதற்கு மேல் போனது தேவையற்றது என்பது என் கருத்து. பாடத்தின் நடுவே ஒருவருக்கு இருக்கும் கவனத்தை இன்னொருவரின் பொம்மை பறிக்கக் கூடாது. ஆனால் இடைவேளையில், திறந்த வெளியில், தந்திரங்கள் பழகி ஒருவருக்கொருவர் காட்டி மகிழும் பிள்ளைகளிடமிருந்து பறிப்பதற்கு ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். தடை என்பது மோகத்துக்குச் சிறிது எண்ணெய் வார்ப்பதும் உண்டு. பறிமுதல் செய்யப்படும் பொருளுக்குப் பிள்ளைகளிடையே தனி மதிப்பு ஏறிவிடுகிறது.

உடலுக்கு அபாயம் உண்டா, அல்லது அதுவும் எரிச்சலில் கிளம்பிய பேச்சா?

இரண்டும் கலந்திருந்தது. ஆனாலும் உண்மையான பகுதி சிறிதல்ல. 2017 மே மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, ஸ்பின்னரிலிருந்து கழன்ற ஒரு பகுதியை விழுங்கி, அறுவை சிகிச்சைக்கு உள்ளாக நேர்ந்தது. சில வாரங்களில், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையச் சுங்கத்துறை, பாதுகாப்புச் சான்றும் தயாரிப்பாளர் விவரமும் சரிவர இல்லாத ஸ்பின்னர்கள் 35 டன்னைப் பிடித்து அழிக்க முடிவு செய்தது. ப்ளூடூத் ஒலிபெருக்கியுடன் வந்த சில வகைகள் மின்னேற்றம் செய்யும்போது தீப்பற்றியதை அடுத்து, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவ்வாண்டு ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, இரவு முழுவதும் மின்னேற்றத்தில் விடக் கூடாது.

ஈயத்தைப் பற்றிய செய்திதான் இவற்றில் மிகவும் உறுத்தியது. நவம்பரில் ஒரு நுகர்வோர் அமைப்பு பித்தளை ஸ்பின்னர் ஒன்றைப் பரிசோதித்தபோது, அதில் பத்து லட்சத்தில் 33,000 பங்கு ஈயம் இருந்தது தெரியவந்தது. அமெரிக்கச் சட்டப்படி குழந்தைகளுக்கான பொருளில் இருக்கத்தக்க உச்ச அளவு பத்து லட்சத்தில் 100 பங்கு. இது 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான பொருள், ஆகவே அந்த வரம்பு பொருந்தாது என்று விற்றவர்கள் தரப்பிலிருந்து முதலில் விடை வந்தது. கடையில் பொம்மைகளோடு பொம்மையாக அடுக்கப்பட்டிருந்த ஒன்றுக்குச் சொல்லப்பட்ட விடை அது. கண்டனம் வலுத்த பின்னரே விற்பனை நிறுத்தப்பட்டது.

சுழலும் ஒலியைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். இந்த ஈயத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், மிகச் சிலரே என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவி, அதே வேகத்தில் அடங்கியது?

செய்வது எளிது, யாருக்கும் தனியுரிமை இல்லை, பேரிங் ஏற்கெனவே மலிவாகக் கிடைத்தது. இத்துடன் தந்திரங்களைக் காட்டும் காணொளிகளும் சேர்ந்ததால், 2017 மே மாதத்தில் அமேசானின் பொம்மை விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களையும் ஸ்பின்னர்களும் அவற்றின் உறவுப் பொருள்களுமே பிடித்திருந்தன. எல்லோரிடமும் ஒன்று வந்த பிறகு அது யாரையும் தனித்துக் காட்டுவதில்லை. பிள்ளைகளின் உலகில் ஒரு பொருள் சாவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். ஆசிரியரும் ஒன்றை வாங்கிச் சுழற்றத் தொடங்கியபோது அதன் கதை முடிந்துவிட்டது என்று ஒரு சிறுவன் என்னிடம் மிகுந்த வருத்தத்தோடு சொன்னது நினைவிருக்கிறது.

உச்சத்தை நம்பிக் கடை விரித்தவர்கள் கெட்டதற்குப் பழைய சான்றும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் யோ-யோ விற்பனையில் கொடிகட்டிப் பறந்த டங்கன் நிறுவனம், ‘யோ-யோ’ என்பது பொதுச்சொல்லாகிவிட்டது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த 1965ஆம் ஆண்டிலேயே நொடித்துப் போனது.

எரிச்சலடைந்தவர்கள் மிகைப்படுத்தினார்களா?

தனித்தனியாகப் பார்த்தால் இல்லை. கூட்டமாகப் பார்த்தால் ஆம். ஸ்பின்னர் மீதான எரிச்சலும் ஒரு மோகமாகவே பரவியது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் எழுதிய அதே கேலியை இன்னொருவர் எழுதினார். ‘இந்தத் தலைமுறை’ என்று தொடங்கும் அதே புலம்பல் ஆயிரம் முறை சுற்றிச் சுற்றி வந்தது. ஸ்பின்னரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராதவர்களும் அதை வெறுத்தார்கள். பொம்மையின் விற்பனை சரியத் தொடங்கிய பிறகும் புலம்பல் சில மாதங்கள் ஓடியது. 2021இல் சிலிகோன் குமிழிகளை அமுக்கும் பாப்-இட் பரவியபோது, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே புலம்பல் திரும்பி வந்தது. அந்தப் பாப்-இட்டின் மூலவடிவத்தை தியோ கோஸ்டர், ஓரா கோஸ்டர் இணையர் 1975இலேயே உருவாக்கியிருந்தார்கள்; ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அதனால் யாருக்கும் தொல்லை இருந்ததில்லை.

பக்கத்தில் ஒருவர் ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது?

பொம்மையைப் பழிக்காமல், உங்கள் நிலையைச் சொல்லுங்கள். ‘அந்தச் சனியனை நிறுத்துகிறாயா’ என்று கேட்டால் சண்டை வரும். ‘அது ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் என்னால் படிக்க முடியவில்லை, சற்று மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ள முடியுமா’ என்று கேட்டால் பெரும்பாலானோர் உடனே இறக்கிக்கொள்கிறார்கள். தாம் சுழற்றுவது அவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. சிறு பிள்ளையாக இருந்தால், நிறுத்தச் சொல்வதைவிட, அதை எத்தனை நேரம் சுற்ற வைக்க முடியும் என்று கேட்டு, ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட்டு, பிறகு எடுத்து வைக்கச் சொல்வது பலன் தருகிறது. பார்க்க ஒருவர் வேண்டும் என்பதற்காகவே அது பாதி நேரம் சுற்றுகிறது.

மோகம் அடங்கிய பின் இழுப்பறையில் கிடப்பவற்றை என்ன செய்வது?

பேரிங் 608 அளவாக இருந்து, துருப்பிடிக்காமல் இருந்தால், நடு மூடிகளைக் கழற்றி அதை வெளியே தள்ளி எடுத்து, ஸ்கேட்போர்டுச் சக்கரத்தில் பயன்படுத்தலாம். நெடுநேரம் சுற்ற வேண்டும் என்று சிலவற்றில் கிரீசைக் கழுவி எடுத்திருப்பார்கள். அத்தகையதற்குப் புதிதாக எண்ணெய் இட வேண்டும். விவரம் தெரியாத பித்தளை வகைகளைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

விளக்கு எரியும் வகை என்றால் முதலில் அதன் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரிகளைப் பாருங்கள். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துக் கடுங்காயம் உண்டாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடுத்த பேட்டரிகளின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, பழைய பேட்டரிகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.